குரலின் மேல் போட்ட பழி

அமெரிக்க மௌனப்பட நட்சத்திரங்கள் எப்படி வீழ்ந்தார்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான். 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. அல் ஜோல்சன் திரையில் பேசினார், பாடினார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஹாலிவுட் முழுவதும் பேசும்படத்துக்கு மாறிவிட்டது. முகத்தாலும் உடலாலும் உலகைக் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றபோது ஒருவருக்குக் கீச்சுக்குரல், ஒருவருக்கு நாக்கில் ஏறாத ஆங்கிலம், இன்னொருவருக்கு வசனமே வரவில்லை. காலம் அவர்களைக் கடந்து போய்விட்டது. இந்தக் கதையில் யார் மீதும் குற்றமில்லை. ஒரு புதிய கருவி வந்தது, பழையவர்கள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைக்கதை ஒன்றும் உண்டு: சொந்தமாகப் படமெடுக்கக் கிளம்பிய நட்சத்திரங்கள் பணத்தை வாரி இறைத்தார்கள், ஸ்டுடியோக்கள்தான் அவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவந்தன என்பது அது.

இந்தக் கதையை நம் மனத்தில் பதித்தவை எவை என்று பார்ப்பது நல்லது. 1950இல் வந்த 'சன்செட் புலவார்டு' பாராமவுண்ட் தயாரிப்பு. 1952இல் வந்த 'சிங்கிங் இன் த ரெய்ன்' எம்ஜிஎம் தயாரிப்பு. முன்னதில் மறக்கப்பட்ட மௌனப்பட நாயகி இருண்ட மாளிகையில் பைத்தியமாகிறாள். பின்னதில் குரல் சரியில்லாத நாயகி ஊர் சிரிக்க அவமானப்படுகிறாள். இரண்டுமே அருமையான படங்கள், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மௌனப்படக் கலைஞர்களைக் கூலிக்காரர்களாக மாற்றிய நிறுவனங்களே பிற்பாடு அவர்களின் முடிவைப் பற்றிய கதையையும் நமக்குச் சொல்லின என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சதி செய்து சொன்னார்கள் என்று நான் கூறவில்லை. தங்கள் பங்கு இல்லாத ஒரு விளக்கம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. நாமும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம். 2011இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து ஐந்து ஆஸ்கார் வாங்கிய 'தி ஆர்ட்டிஸ்ட்' வரைக்கும் அதே கதைதான்.

என் வாதம் இது. மௌனப்பட நட்சத்திரங்களில் பெரும்பாலோரின் வீழ்ச்சியைத் தீர்மானித்தது குரல் அல்ல, உரிமை. எந்தக் கதையை எடுப்பது, யார் இயக்குவது, எதை வெட்டுவது, எந்தத் திரையரங்கில் எப்படி விற்பது, நெகட்டிவ் யாருடையது என்ற கேள்விகளில் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்கள் கையைவிட்டுப் போனது. பலருக்கு அது ஒலி வருவதற்கு முன்பே போய்விட்டது. அதிகாரம் கையில் இருந்தவர்களோ ஒலிக்குப் பின்னும் தங்கள் விருப்பப்படி நின்றார்கள், அல்லது தங்கள் விருப்பப்படி விலகினார்கள்.

முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். லோயிஸ் வெபர் நடிகையாகத் தொடங்கி, கணவர் பிலிப்ஸ் ஸ்மாலியோடு சேர்ந்து படமெடுத்து, தாமே நடித்தும் இயக்கியும் 1916 வாக்கில் யுனிவர்சல் நிறுவனத்தின் தலையாய இயக்குநர்களில் ஒருவராக இருந்தவர். கருத்தடையும் கருக்கலைப்பும் வெளியே பேசக்கூடாத காலத்தில் அவற்றை வைத்து 'வேர் ஆர் மை சில்ட்ரன்?' எடுத்தார். செருப்பு வாங்க வழியில்லாத கடைப்பெண்ணின் வாழ்வை 'ஷூஸ்' என்று படமாக்கினார். 1917இல் சொந்த ஸ்டுடியோ அமைத்தார். 1921இல் பாராமவுண்ட் அவர் படங்களை வெளியிடுவதைக் கைவிட்டது. அவருடைய மிகச் சிறந்த படமான 'தி பிளாட்' அந்த ஆண்டு ஒரு சிறிய விநியோகஸ்தர் மூலம் வந்து அதிகம் பேர் பார்க்காமலே போனது. சொந்த நிறுவனம் நொடித்தது. 'தி ஜாஸ் சிங்கர்' வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. வெபரின் குரல் எப்படி இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் நட்சத்திரமான செசூ ஹயகாவாவும் அப்படியே. 1915இல் செசில் பி. டெமில்லின் 'தி சீட்' படத்தில் வில்லனாக வந்து ஒரே இரவில் புகழ்பெற்றார். அதன்பின் அவருக்குக் கொடுக்கப்பட்டவை கொடூரன், மயக்குபவன், அடையமுடியாத காதலுக்காகச் சாகிறவன் போன்ற வேடங்கள். ஜப்பானியனை மனிதனாகக் காட்ட வேண்டுமானால் தயாரிப்பு தன் கையில் இருக்க வேண்டும் என்று உணர்ந்து 1918இல் ஹாவர்த் பிக்சர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் ஏறக்குறைய இருபது படங்கள். மனைவி சுரு அவோகியோடு நடித்த 'தி டிராகன் பெயின்ட்டர்' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. விநியோகம் செய்த நிறுவனத்தோடு உறவு கெட்டது; ஜப்பானியர் மீதான வெறுப்பும் அந்த ஆண்டுகளில் வளர்ந்தது; 1922இல் அவர் ஹாலிவுட்டை விட்டுப் போனார். கீஸ்டோனில் சாப்ளினுக்கே இயக்குநராக இருந்த மேபல் நார்மண்டின் பெயரில் 1916இல் ஒரு தனி ஸ்டுடியோ உருவானது. அங்கே எடுத்த 'மிக்கி' நெடுநாள் முடங்கிக் கிடந்து 1918இல் வெளியாகிப் பெரும் வசூல் செய்தது. அதற்குள் அவர் வேறொரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். இம்மூவரின் கதையிலும் ஒலிவாங்கிக்கு இடமே இல்லை.

அந்த அதிகாரம் முதலில் எப்படிக் கிடைத்தது என்பதற்கு மேரி பிக்ஃபோர்டைத்தான் பார்க்க வேண்டும். தங்கச் சுருள்முடிச் சிறுமியாக மட்டுமே அவரை நினைவில் வைத்திருப்பது பெரிய அநியாயம். டொரண்டோவில் கிளாடிஸ் ஸ்மித் என்ற பெயரில் பிறந்து, சிறுவயதிலேயே நாடக மேடையில் ஏறிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1909இல் பயோகிராஃபில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். ஏழே ஆண்டுகளில், 1916இல், அடால்ஃப் சூகரின் ஃபேமஸ் பிளேயர்ஸ் நிறுவனத்தோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் வாரம் 10,000 டாலர் உத்தரவாதமும் லாபத்தில் பாதியும் தந்தது. இதைப் பேராசை என்று எழுதியவர்கள் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் பணத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது. அன்றைய வழக்கப்படி ஒரு திரையரங்கு உரிமையாளருக்குப் பிக்ஃபோர்ட் படம் வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தின் ஆண்டு முழுமைக்குமான மற்ற படங்களையும் பார்க்காமலே மொத்தமாக வாங்க வேண்டும். தன் பெயரை வைத்துத் தரமில்லாத படங்களைத் தலையில் கட்டுகிறார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். அதனால்தான் அவர் படங்களைத் தனியாக விற்க ஆர்ட்கிராஃப்ட் என்ற பிரிவு உருவாக்கப்பட்டது.

அப்படியும் முழு அதிகாரம் வரவில்லை. 1917இல் எழுத்தாளர் ஃபிரான்சிஸ் மரியனும் அவரும் சேர்ந்து 'தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்' படத்தில் சேற்றில் புரண்டு சண்டையிடும் நகைச்சுவைக் காட்சிகளைச் சேர்த்தார்கள். இயக்குநர் மோரிஸ் டூர்னூருக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்தின் பெரியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இது தேறாது என்று முடிவுசெய்தார்கள். தண்டனையாக அவர் டெமில்லின் இயக்கத்தில், எதிலும் குறுக்கிட மாட்டேன் என்று பணிந்து தந்தி கொடுத்துவிட்டு, நடிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அந்தப் படம் வெளியாயிற்று. மக்கள் கொண்டாடினார்கள், ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாயிற்று. நட்சத்திரங்களுக்குத் தங்கள் நலன் தெரியாது, முதலாளிக்குத்தான் ரசிகனின் நாடி தெரியும் என்று இன்றும் சொல்கிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சிக்காவது பதில் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வெளியான 'ஸ்டெல்லா மாரிஸ்' படத்தில் அழகிய செல்வச் சிறுமியாகவும் கூனல் முதுகு அநாதையாகவும் இரட்டை வேடம் ஏற்று, தன் அழகையே மறைத்துக்கொண்டு அவர் நடித்ததும் இந்தப் போராட்டத்தின் பலன்தான். எந்த ஸ்டுடியோ முதலாளியும் தன் தங்கச் சிறுமியை அந்தக் கோலத்தில் காட்ட முன்வந்திருக்க மாட்டார்.

1919 பிப்ரவரியில் பிக்ஃபோர்ட், சார்லி சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் ஆகிய நால்வரும் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸை நிறுவியதை, பைத்தியக்கார விடுதியை நோயாளிகளே கைப்பற்றிவிட்டார்கள் என்று மெட்ரோ நிறுவனத்தின் ரிச்சர்ட் ரோலண்ட் கேலி செய்தது இன்றும் எல்லாப் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அந்த முடிவு ஒரு தற்காப்பு. பெரிய நிறுவனங்கள் இரண்டு இணைந்து, நட்சத்திரங்களின் ஊதியத்தையும் உரிமைகளையும் கட்டுப்படுத்தப் போகின்றன என்று அவர்கள் அறிந்தார்கள். உண்மையை அறியத் துப்பறிவாளரை அமர்த்தியதாகச் சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர்கள் அமைத்த நிறுவனத்துக்கு ஸ்டுடியோ கிடையாது, நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டுண்ட நடிகர்கள் கிடையாது. ஒவ்வொருவரும் தம் பணத்தில் படமெடுப்பார்கள், நிறுவனம் விநியோகம் செய்யும், ஒவ்வொரு படமும் தனித்தனியாக அதன் தகுதிக்கு விற்கப்படும். உழைப்பவன் தன் உழைப்பின் விளைவுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சூகர் இதற்குக் கொடுத்த பதிலைக் கதைசொல்லிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே 1919இல் அவர் வால் ஸ்ட்ரீட் வங்கியான கூன் லோப் மூலம் ஒரு கோடி டாலர் பங்கு மூலதனம் திரட்டி, திரையரங்குகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார். நட்சத்திரம் தன் படத்துக்குச் சொந்தக்காரராகலாம், ஆனால் அதைத் திரையிடும் அரங்கு யாருடையது? 1921இலேயே அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அவர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மார்கஸ் லோவின் திரையரங்குச் சங்கிலிக்குப் படம் கொடுப்பதற்கென்றே 1924இல் எம்ஜிஎம் உருவாக்கப்பட்டது. தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றும் ஒரே கையில் சேர்வதற்கு எதிரான வழக்குகள் இழுத்து இழுத்து 1948இல்தான் உச்சநீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தன. சுதந்திரக் கலைஞர்களின் மூச்சு முட்டியது இந்த முப்பது ஆண்டுகளில்தான்.

இனி இந்த வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பஸ்டர் கீட்டனை ஒலிதான் கொன்றது என்பது மிகப் பரவலான நம்பிக்கை. குடி கொன்றது என்பது அதற்கடுத்தது. 1920 முதல் 1928 வரை சொந்தப் பெயரில் இயங்கிய சிறிய ஸ்டுடியோவில் அவர் 19 குறும்படங்களும் பத்து முழுநீளப் படங்களும் எடுத்தார். அங்கே வேலை நடந்த விதம் இது: தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுப்பகுதி படப்பிடிப்பில் பிறக்கும். எழுதி அச்சடித்த திரைக்கதை இருக்காது. ஒரு காட்சி அமையவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டுப் பந்து விளையாடுவார்கள்; யோசனை வந்ததும் தொடர்வார்கள். 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் திரைக்குள் நுழையும் மனிதனும், 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் விழ, ஒரு ஜன்னல் அளவு இடத்தில் அவர் உயிர்பிழைத்து நிற்பதும் இப்படிப் பிறந்தவை. ஆனால் ஒரு குறை இருந்தது, பெரிய குறை. அந்த ஸ்டுடியோ அவர் பெயரில் இருந்ததே தவிர அவருக்குச் சொந்தமில்லை. தயாரிப்பாளர் ஜோசஃப் ஷெங்க் நல்லவர், நண்பர், மனைவி வழி உறவினர், படப்பிடிப்பில் தலையிடாதவர். எனவே கீட்டன் பங்கு கேட்கவே இல்லை. 1928இல் ஷெங்க் கடையை மூடி அவரை எம்ஜிஎம்முக்குக் கைமாற்றினார். ஷெங்கின் தம்பி நிக்கலஸ் அப்போது எம்ஜிஎம்மின் தாய் நிறுவனத் தலைவர். போகாதே என்று சாப்ளின் எச்சரித்தார், நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிடும் எச்சரித்தார். இருவரும் தங்கள் படங்களுக்குத் தாங்களே சொந்தக்காரர்கள். அதனால்தான் அவர்களுக்கு ஆபத்து தெரிந்தது. கீட்டன் போனார், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அது என்று பின்னாளில் சுயசரிதையில் பதிவு செய்தார்.

எம்ஜிஎம்மில் அவர் எடுத்த முதல் படம் 'தி கேமராமேன்' மௌனப்படம். இரண்டாவது படமான 'ஸ்பைட் மேரேஜ்' (1929) கூட மௌனப்படம்தான். அவர் படங்களுக்கு ஒலி வருவதற்கு முன்பே அவர் கை கட்டப்பட்டுவிட்டது. கத்தை கத்தையாகத் திரைக்கதை வந்தது, ஒவ்வொரு காட்சியிலும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். 'தி கேமராமே'னில் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கிடம் மன்றாடி ஓரளவு விலக்குப் பெற்றார். யாங்கி ஸ்டேடியத்தில் தனியாளாய் நின்று ஒரு பேஸ்பால் ஆட்டம் முழுவதையும் அபிநயித்துக் காட்டும் அந்த அற்புதக் காட்சி அப்படிக் கிடைத்த விலக்கில் பிறந்தது. அதன்பிறகு விலக்குகள் இல்லை. சாகசக் காட்சிகளைத் தானே செய்யக்கூடாது என்றார்கள். தனக்கென்று ஒரு சிறு குழு வேண்டும் என்று கேட்டார், மறுத்தார்கள். எம்ஜிஎம்மின் சொந்த வெற்றிப்படமான 'கிராண்ட் ஹோட்ட'லைக் கேலி செய்து ஒரு படமெடுக்கலாம் என்று யோசனை சொன்னார், அதுவும் நடக்கவில்லை. இதைவிட முக்கியமானது: 'ஸ்பைட் மேரேஜ்' படத்தை ஒலிப்படமாக எடுக்கலாம் என்று கேட்டவர் கீட்டன், மறுத்தது ஸ்டுடியோ. மேடையிலேயே வளர்ந்தவர், கனமான தெளிவான குரல் உடையவர், ஒலியை அஞ்சியவர் அல்ல. அவர் அஞ்சியது ஓயாத வசனத்தை. பேசும் படத்திலும் செயல் முன்னே நிற்கட்டும், பேச்சு தேவைப்படும் இடத்தில் வரட்டும் என்பதுதான் அவர் கட்சி. 'ஃப்ரீ அண்ட் ஈசி'யிலிருந்து 'வாட்! நோ பியர்?' வரை எம்ஜிஎம்மில் அவர் நடித்த பேசும்படங்களில் அவர் ஒரு அசடர், எல்லோராலும் அலைக்கழிக்கப்படுபவர். மௌனப்படங்களில் இயந்திரங்களோடும் இயற்கையோடும் மல்லுக்கட்டி வென்ற மனிதன் எங்கும் இல்லை.

அந்தப் படங்கள் ஓடவில்லை, அதனால் கைவிட்டார்கள் என்று இங்கே ஒருவர் எதிர்க்கலாம். அது தவறு. அவர் மனதார வெறுத்த 'சைட்வாக்ஸ் ஆஃப் நியூயார்க்' கூட லாபம் தந்தது. மக்கள் அவர் குரலை ஏற்றுக்கொண்டார்கள். குரல்தான் வீழ்த்தியது என்ற கதையை இந்த வசூல் கணக்கே மறுத்துவிடுகிறது. குடியைப் பொறுத்தவரை, அது உண்மை, கொடுமையானதும்கூட. 1932இல் மணமுறிவு, 1933இல் எம்ஜிஎம் வேலைநீக்கம். ஆனால் வரிசை என்ன? எட்டு ஆண்டுகள் கடும் உழைப்பு. 1928இல் சுதந்திரம் பறிபோகிறது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு குடி முற்றுகிறது. விளைவைக் காரணமாக்கி, ஒரு மனிதனின் துயரத்தையே அவன் மீதான குற்றச்சாட்டாக்குவது நியாயமில்லை.

குரல் என்பது சில இடங்களில் வெறும் சாக்காகவே பயன்பட்டது என்பதற்கு லூயிஸ் புரூக்ஸ் சாட்சி. 1928இல் ஒப்பந்தப்படி அவருக்கு வரவேண்டிய ஊதிய உயர்வைப் பாராமவுண்ட் தர மறுத்தது. பேசும்படம் வரப்போகிறது, உங்கள் குரல் எப்படியோ, பழைய சம்பளத்துக்கே இருங்கள் அல்லது போங்கள் என்ற பேரம். அவர் போனார், பெர்லினில் பாப்ஸ்ட் இயக்கத்தில் 'பண்டோராஸ் பாக்ஸ்' நடித்தார். மௌனப்படமாக முடித்திருந்த 'தி கேனரி மர்டர் கேஸ்' படத்துக்குக் குரல் கொடுக்கத் திரும்பி வரமாட்டேன் என்று மறுத்தார். வேறொரு நடிகையைப் பேசவைத்துப் படத்தை வெளியிட்ட ஸ்டுடியோ, புரூக்ஸின் குரல் பேசும்படத்துக்கு ஏற்றதல்ல என்று செய்தி பரப்பியது. எதிர்த்துப் பேசிய ஒரு பெண்ணைக் குரலில்லாதவள் என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையை நாமும் நம்பினோம்.

ஜான் கில்பர்ட்டைப் பற்றியும் இதையே சொல்வார்கள்: 1929இல் 'ஹிஸ் குளோரியஸ் நைட்' படத்தில் அவர் காதல் வசனம் பேசியபோது அரங்கம் சிரித்தது. சிரித்தது உண்மை. ஆனால் அவர் குரல் சாதாரணமான மெல்லிய ஆண்குரல்தான்; பின்னர் அவர் நடித்த படங்களைக் கேட்டால் யாருக்கும் விளங்கும். சிரிக்க வைத்தது மௌனப்பட வசன அட்டைக்கு மட்டுமே பொருந்தும் வர்ணனைப் பேச்சு. அந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் அல்ல. மாற்றும் உரிமையும் அவரிடம் இல்லை. தன்னை மீட்டுக்கொள்ள அவரே எழுதிய 'டவுன்ஸ்டேர்ஸ்' கதையை ஸ்டுடியோவுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்து 1932இல் நடித்தார். அதில் கொடிய கார் ஓட்டியாக அவர் காட்டும் துணிச்சல், உரிய வாய்ப்பு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் காட்டுகிறது. அதே ஸ்டுடியோவில் கிரேட்டா கார்போவைப் பாருங்கள். ஸ்வீடன்காரர், கனத்த உச்சரிப்பு, குரல் கதைப்படி முதலில் வீழ்ந்திருக்க வேண்டியவர். அவர் 1926-27இல் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் அடம்பிடித்து ஊதியத்தையும் மரியாதையையும் வென்றவர். ஒலிக்கு மாற அவசரப்படவில்லை. 1930 வரை காத்திருந்து, ஸ்வீடிஷ் பின்னணி உள்ள பாத்திரமான 'அன்னா கிறிஸ்டி'யில் பேசினார். வீழ்ந்து கிடந்த கில்பர்ட்டை 1933இல் 'குயீன் கிறிஸ்டினா'வில் கதாநாயகனாகப் போட வைத்ததும் அவருடைய பிடிவாதமே. இருவரும் ஒரே ஸ்டுடியோ, ஒரே ஒலிக்கூடம். பேரம் பேசும் வலிமை மட்டும் வேறு.

வெளிநாட்டு உச்சரிப்பால் உண்மையிலேயே வாய்ப்பிழந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். எமில் ஜானிங்ஸ் ஜெர்மனிக்குத் திரும்பினார், ஹங்கேரியின் வில்மா பாங்கி விலகினார். இவர்களை என் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டேன். சிலரது கதையை எல்லோரது கதையாக்கியதுதான் பிழை.

வலுவான எதிர்வாதம் வேறொன்று: சுதந்திரம் ஊதாரித்தனத்தில் முடிந்தது என்பது. 'தி ஜெனரல்' படத்துக்குக் கீட்டன் ஏறத்தாழ ஏழரை லட்சம் டாலர் செலவழித்தார். ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவில் ஓடும் ரயிலை எரியும் பாலத்தோடு ஆற்றில் விழச் செய்த ஒரே ஒரு காட்சிக்கு 42,000 டாலருக்கு மேல் ஆயிற்று. படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை, விமர்சகர்களும் கைவிட்டார்கள். நடிகை குளோரியா ஸ்வான்சனின் சொந்தத் தயாரிப்பான 'குயீன் கெல்லி' பாதியில் நின்றது. கிரிஃபித் கடனில் மூழ்கி 1924இல் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸை விட்டுப் போனார். எல்லாம் உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்டுடியோக்களும் ஆண்டுதோறும் நஷ்டப் படங்களை எடுத்தன. அந்த நஷ்டத்தை யாரும் ஸ்டுடியோ முறையின் தோல்வி என்று எழுதவில்லை. கலைஞன் நஷ்டப்பட்டால் மட்டும் கலைஞனின் சுதந்திரமே குற்றவாளியாகிறது. ஸ்வான்சனோ 'குயீன் கெல்லி'யின் அடியிலிருந்து எழுந்து, அதே 1929இல் 'தி டிரெஸ்பாசர்' என்ற பேசும்படத்தில் நடித்து, பாடி, பெரும் வெற்றியும் ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றார். ஒலியால் அழிந்தவளாக 'சன்செட் புலவார்டு' படத்தில் அவரே நடித்ததால் இந்த வெற்றியை மக்கள் மறந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு மறுப்பு: சுதந்திரமாக இருந்தவர்களும் வீழ்ந்தார்களே? பிக்ஃபோர்ட் 1929இல் 'கோக்கெட்' படத்தில் பேசி ஆஸ்கார் வாங்கினார், ஆனால் 1933இல் 'சீக்ரெட்ஸ்' தோற்றதும் நடிப்பை நிறுத்தினார். லாயிடின் பேசும்படங்கள் அவரது மௌனப்படங்களின் உயரத்தை எட்டவில்லை. சரிதான். உரிமை இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. வயது கூடும், ரசனை மாறும், யாரும் என்றும் முதலிடத்தில் இருக்க முடியாது. ஆனால் 1930இல் எடுத்துக்கொண்டிருந்த ஒரு படம் தன் மனத்துக்கு ஒப்பவில்லை என்று கண்டதும் பிக்ஃபோர்ட் தன் பணம் போனாலும் போகட்டும் என்று அதை நிறுத்திவிட்டார். கில்பர்ட்டால் அப்படிச் செய்திருக்க முடியுமா? கீட்டனால்? உச்சமான உதாரணம் சாப்ளின். உலகமே பேசத் தொடங்கிய பின் 1931இல் 'சிட்டி லைட்ஸ்', 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' இரண்டையும் வசனப்படமாக அல்லாமல் எடுத்தார். ஒரு பூக்காரி நாடோடியைப் பணக்காரன் என்று தவறாக நினைக்க வைப்பது எப்படி என்ற ஒரே காட்சியை முந்நூறுக்கு மேற்பட்ட முறை எடுத்தார். திரையரங்கு விஷயத்தில் தகராறு வந்தபோது நியூயார்க்கில் ஒரு அரங்கைத் தானே வாடகைக்குப் பிடித்துத் திரையிட்டார். இரண்டும் ஓடின. ஒலிதான் மௌனத்தைக் கொன்றது என்றால் இப்படங்கள் எப்படி ஓடின? அவர் சாப்ளின், மேதை, விதிவிலக்கு என்பார்கள். கீட்டனும் மேதைதான். சாப்ளினிடம் லா பிரியா தெருவில் 1918இல் கட்டிய சொந்த ஸ்டுடியோ இருந்தது, நெகட்டிவ் இருந்தது. கீட்டனிடம் இரண்டும் இல்லை.

ஒலிக்கு இதில் பங்கே இல்லை என்று முடித்துவிட்டால் நானும் ஒருதலையாக எழுதியவனாவேன். பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. திரையரங்குகளில் ஒலிக்கருவி பொருத்தவும் ஒலிக்கூடங்கள் கட்டவும் பெரும் மூலதனம் தேவைப்பட்டது. 1928 மே மாதம் பெரிய நிறுவனங்கள் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் துணை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. வங்கிகள் உள்ளே வந்தன. கையிருப்பை வைத்து ஒரு நட்சத்திரமும் நான்கு நண்பர்களும் படமெடுக்கும் காலம் இதனால் முடிந்தது. சூகர் 1919இல் தொடங்கியதை இந்த மூலதனப் பெருக்கம் பூர்த்தி செய்தது. குரல்வளைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உரிமையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க மௌனப்படக் காலத்தில் ஏறத்தாழ 11,000 முழுநீளப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் சுமார் 14 சதவீதம்தான் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியிருக்கிறது என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. யுனிவர்சல் 1948இல் தன் கைவசமிருந்த மௌனப்படங்களை வேண்டுமென்றே அழித்தது. எம்ஜிஎம் தன் படங்களை ஓரளவு நன்றாகவே காத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பொதுவாக, சொந்தக்காரராக இருந்த கலைஞர்களின் படங்களே நமக்குக் கிடைக்கின்றன. சாப்ளின் தன் படங்களைக் காத்தார். லாயிட், 1943இல் ஒரு தீவிபத்தில் சில போனபின்னும், மீதியைப் பேணினார். பிக்ஃபோர்ட் 1946இல் தன் படங்களை அந்த நூலகத்துக்கே கொடுத்தார். வெபரின் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை.

மௌனப்பட வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களிடமும் கற்பிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு நட்சத்திரம் ஒலியால் வீழ்ந்தார் என்று எழுதும் முன் அவர் ஒப்பந்தத்தைப் பாருங்கள், ஆண்டைப் பாருங்கள், நெகட்டிவ் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். எம்ஜிஎம்மில் வாரம் 3,000 டாலர் வாங்கிய கீட்டனை அதே நிறுவனம் வேலைநீக்கம் செய்து, சில ஆண்டுகள் கழித்து வாரம் 100 டாலருக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுத மீண்டும் அமர்த்தியது. அங்கே அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று ரெட் ஸ்கெல்டன் என்ற புதிய நடிகருக்கு நகைச்சுவை அமைத்துக் கொடுப்பது. ஸ்கெல்டன் நடித்த 'ஐ டூட் இட்' (1943) 'ஸ்பைட் மேரே'ஜின் மறுஆக்கம். 'வாட்ச் த பேர்டி' (1950) 'தி கேமராமே'னின் மறுஆக்கம்.